வெப்பத் திறன், மின் திறன்: அலகு மாற்றம்

வெப்பத் திறன் அலகுகளை மின் திறன் அலகுகளாகவும், மின் திறன் அலகுகளை வெப்பத் திறன் அலகுகளாகவும் மாற்றுவது, மேல்நிலைப் பள்ளி இயற்பியலிலும் மின்நிலையம், சர்க்கரை ஆலை, குளிர்சாதனம் ஆகியவை தொடர்பான கணக்குகளிலும் அடிக்கடி தேவைப்படும் ஒரு முறையாகும். ஒரு மணி நேரத்தில் வெளிப்படும் வெப்பத்தைக் கிலோகலோரியிலோ பி.டி.யு.விலோ சொல்வது பழைய வழக்கம். மின்சாரத்தை வாட், கிலோவாட், மெகாவாட் ஆகியவற்றில் சொல்வது இன்றைய வழக்கம். 1 கிலோவாட் என்பது மணிக்கு சுமார் 860 கிலோகலோரி, அல்லது மணிக்கு 3,412 பி.டி.யு. ஆகும்.

இந்த இரண்டு எண்களைப் பெருக்கவோ வகுக்கவோ தெரிந்தால் அலகு மாற்றம் முடிந்துவிடுகிறது. ஆனால் 3,000 மெகாவாட் வெப்பம் தரும் அணு உலையிலிருந்து 1,000 மெகாவாட் மின்சாரமே கிடைப்பது ஏன், ஒன்றரைக் கிலோவாட் மின்சாரம் இழுக்கும் ஏசி ஐந்து கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுவது எப்படி என்ற கேள்விகளுக்கு இந்தப் பெருக்கல் விடை தராது. அலகை மாற்றுவது ஒன்று, ஆற்றலின் வடிவத்தை மாற்றுவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

ஆற்றலும் திறனும்

வேலை செய்யும் இயல்பு ஆற்றல். அது எவ்வளவு வேகமாகச் செலவாகிறது அல்லது கிடைக்கிறது என்பது திறன். ஆற்றலின் அலகு ஜூல், திறனின் அலகு வாட். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்பது ஒரு வாட். தமிழில் 'பயனுறுதிறன்' என்ற சொல்லும் 'திறன்' என்றே முடிவதால் சில மாணவர்கள் தடுமாறுவதுண்டு. பயனுறுதிறன் ஒரு விகிதம் மட்டுமே, அதற்கு அலகு கிடையாது. இலங்கைப் பாடநூல்களில் திறனுக்கு 'வலு' என்ற சொல் வழங்குகிறது.

மின் கட்டண அட்டையில் வரும் 'யூனிட்' என்பது ஒரு கிலோவாட் மணி. அது ஆற்றலின் அலகு. ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 × 3,600 = 36 இலட்சம் ஜூல் செலவாகிறது. இதுவே ஒரு யூனிட். வெப்ப அலகில் எழுதினால் அது 860 கிலோகலோரி. ஒரு கிலோகலோரி வெப்பம் ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் மின்சாரம் முழுவதும் வெப்பமானால் 8.6 லிட்டர் நீரைப் பூச்சியத்திலிருந்து நூறு டிகிரி வரை சூடாக்கும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

860 எங்கிருந்து வந்தது

வெப்பமும் வேலையும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்பது தொடக்கத்தில் தெரியாது. வெப்பம் ஒருவகைப் பாய்மம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பலர் நம்பினர். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது வெப்பம் ஓயாமல் வந்துகொண்டே இருப்பதைக் கவனித்த ரம்ஃபோர்டு, 1798-இல் அந்தக் கருத்தை மறுத்தார். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு நகரில் மது வடிப்பாலைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்கட் ஜூல், 1840-களில் மின்னோட்டம் பாயும் கம்பியில் தோன்றும் வெப்பத்தையும், விழும் எடையால் சுழலும் துடுப்பு நீரில் உண்டாக்கும் வெப்பத்தையும் அளந்தார். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்ற மாறாத விகிதம் அப்போது நிலைநாட்டப்பட்டது. இன்றைய மதிப்பில் ஒரு கலோரி என்பது ஏறத்தாழ 4.19 ஜூல்.

திறனின் அலகுக்கு ஜேம்ஸ் வாட்டின் பெயரைச் சூட்டும்படி 1882-இல் பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழகக் கூட்டத்தில் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். வெப்பத்தையும் ஜூலிலேயே அளக்க வேண்டும் என்று 1948-இல் கூடிய எடைகள், அளவுகள் பொது மாநாடு முடிவு செய்தது. அதற்குப் பிறகும் கலோரி மறையவில்லை. கொதிகலன், நிலக்கரி, சமையல் எரிவாயு, உணவு ஆகிய இடங்களில் இன்றும் அதுவே புழங்குகிறது.

860 என்ற முழு எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. நீரின் வெப்ப ஏற்புத்திறன் வெப்பநிலைக்கேற்பச் சிறிது மாறுவதால், 'எந்த வெப்பநிலையில் உள்ள நீர்?' என்ற கேள்விக்கேற்பப் பல கலோரிகள் இருந்தன. நீராவி அட்டவணைகளைத் தயாரித்த பொறியாளர்களுக்கு இது பெரும் தொல்லையானது. 1929-இல் இலண்டனில் கூடிய நீராவி அட்டவணை மாநாடு, நீரை விட்டுவிட்டு, ஒரு கிலோவாட் மணியில் 860-இல் ஒரு பங்கே ஒரு கிலோகலோரி என்று வரையறுத்தது. வெப்பத்தின் அலகே மின் அலகைக் கொண்டு வரையறுக்கப்பட்டது அப்போதுதான். 1956-இல் அது 4.1868 ஜூல் என்று திருத்தப்பட்டது. வேதியியலாளர்கள் பயன்படுத்தும் கலோரி 4.184 ஜூல். முதலாவதைக் கொண்டு வகுத்தால் 859.8, இரண்டாவதைக் கொண்டு வகுத்தால் 860.4 வரும். தேர்வில் 4.2 என்று எடுத்தால் 857 வரும். இவற்றில் எதுவும் பிழையன்று. எந்தக் கலோரி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை விடைத்தாளில் குறித்துவிட்டால் போதும்.

பி.டி.யு. என்பது பிரித்தானிய வெப்ப அலகு. ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்தும் வெப்பம் அது, சுமார் 1,055 ஜூல். குதிரைத்திறன் வெப்ப அலகன்று, இயந்திர அலகு. மின் மோட்டார்களில் 1 குதிரைத்திறன் 746 வாட்.

அலகு மாற்றமும் ஆற்றல் மாற்றமும்

ஒரு மூட்டை நெல்லைக் கிலோவில் சொன்னாலும் மரக்காலில் சொன்னாலும் நெல் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது அலகு மாற்றம். அதே நெல்லை அரைத்தால் அரிசி குறைவாகத்தான் வரும், மீதி உமியும் தவிடும். அது வடிவ மாற்றம். 860 கிலோகலோரி வெப்பத்தை 'ஒரு கிலோவாட் மணி வெப்பம்' என்று எழுதுவது முதல் வகை. அந்த வெப்பத்தைக் கொண்டு நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுழற்றி, மின்சாரம் எடுப்பது இரண்டாம் வகை. இரண்டாவதில் ஒரு யூனிட் மின்சாரம் ஒருபோதும் முழுதாகக் கிடைக்காது.

எதிர்த்திசையில் இந்தத் தடை இல்லை. மின்சாரத்தை வெப்பமாக்கும்போது நூற்றுக்கு நூறும் வெப்பமாகலாம். அயர்ன் பாக்ஸ், கீசர், ஹீட்டர் கம்பி எல்லாம் அப்படியே. மின்சாரம் ஒழுங்கான ஆற்றல், வெப்பம் ஒழுங்கற்ற ஆற்றல் என்பதே இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம்.

வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை எடுக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ காட்டினார். கெல்வினில் சொன்ன குளிர்ந்த பக்க வெப்பநிலையைச் சூடான பக்க வெப்பநிலையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் அந்த எல்லை கிடைக்கும். நீராவி 275 டிகிரி செல்சியஸிலும் குளிர்விக்கும் நீர் 30 டிகிரியிலும் இருந்தால், 303-ஐ 548-ஆல் வகுக்க 0.553, எனவே எல்லை சுமார் 45 விழுக்காடு. நீராவி 490 டிகிரியில் இருந்தால் எல்லை 60 விழுக்காடாக உயரும். உண்மையான நிலையங்கள் இந்த எல்லைக்கு வெகு கீழேதான் இயங்குகின்றன.

எனவே மின்நிலையங்களைப் பற்றி எழுதும்போது 'மெகாவாட் வெப்பம்', 'மெகாவாட் மின்' என்று பிரித்துக் குறிப்பது வழக்கம். இரண்டும் ஒரே வாட்தான், வேறு வேறு அலகுகள் அல்ல. எந்த இடத்தில் அளந்த திறன் என்பதை மட்டுமே அந்தச் சொல் காட்டுகிறது. செய்தித்தாள்களில் இந்தச் சொல் விடுபட்டுப்போவது வாடிக்கை.

ஒரு சர்க்கரை ஆலையின் கணக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. நைனார்பாளையம், சின்னசேலம் சுற்றுவட்டாரத்தில் மரவள்ளி, மக்காச்சோளத்துடன் கரும்பும் விளைகிறது. கரும்பு ஆலை என்பது வெப்பத் திறனும் மின் திறனும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் இடம். ஆகவே இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு அருகில் கிடைக்காது. கீழ்க்காணும் கணக்கு எந்தவொரு குறிப்பிட்ட ஆலையினுடையதும் அன்று. நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைக்கும் ஆலை ஒன்றை எடுத்துக்கொண்டு, தொழிலில் வழக்கமாகப் பயன்படுத்தும் சராசரி மதிப்புகளால் செய்யப்பட்டது.

கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கையாக வெளிவரும். அதாவது நாளுக்கு 750 டன். ஆலையிலிருந்து வரும் சக்கையில் பாதி ஈரம். அந்த ஈரச் சக்கை கிலோவுக்குச் சுமார் 2,250 கிலோகலோரி வெப்பம் தரும். 750 டன்னுக்கு 168 கோடியே 75 இலட்சம் கிலோகலோரி. இதை 860-ஆல் வகுத்தால் 19.6 இலட்சம் கிலோவாட் மணி. 24 மணி நேரத்தால் வகுத்தால் சுமார் 82,000 கிலோவாட், அதாவது 82 மெகாவாட் வெப்பம்.

82 மெகாவாட் என்று கேட்டவுடன், ஒரு சிறு நகரத்துக்கே மின்சாரம் தரலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். இது அலகு மாற்றம் மட்டுமே. இனிமேல்தான் ஆற்றல் மாற்றம் தொடங்குகிறது.

முதல் இழப்பு கொதிகலனில். 750 டன் சக்கையில் 375 டன் நீர் இருக்கிறது. அந்த நீரை ஆவியாக்கி புகைபோக்கி வழியே அனுப்பவே, கிலோவுக்கு 540 கிலோகலோரி வீதம், மொத்த வெப்பத்தில் 12 விழுக்காடு போய்விடும். சக்கையில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் நீராவி, சூடான புகை, எரியாமல் தங்கும் கரி எல்லாம் சேர்ந்து, நூற்றில் எழுபது பங்கே நீராவிக்குப் போய்ச் சேரும். அது 57 மெகாவாட் வெப்பம்.

அடுத்தது கரும்புச் சாறு. சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கி, சர்க்கரையைப் படிய வைக்க, அரைக்கும் கரும்பின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு நீராவி தேவைப்படுகிறது. மணிக்கு 47 டன் நீராவி. குறைந்த அழுத்த நீராவி குளிர்ந்து நீராகும்போது கிலோவுக்குச் சுமார் 2,200 கிலோஜூல் தருவதாகக் கொண்டால், நொடிக்கு 13 கிலோ வீதம் 28.6 மெகாவாட் வெப்பம்.

இந்த இடத்தில்தான் இணை மின் உற்பத்தி என்ற முறையின் நயம் இருக்கிறது. சாறு காய்ச்ச உயர் அழுத்த நீராவி தேவையே இல்லை. ஆகவே கொதிகலனிலிருந்து உயர் அழுத்தத்தில் வரும் நீராவியை முதலில் டர்பைனில் விட்டு மின்சாரம் எடுத்துக்கொண்டு, அழுத்தம் குறைந்து வெளிவரும் நீராவியைச் சாறு காய்ச்ச அனுப்புகிறார்கள். அனல்மின் நிலையத்தில் கடலுக்கோ குளிர்விப்புக் கோபுரத்துக்கோ போகும் வெப்பம், இங்கே சர்க்கரையாகிறது. பழைய குறைந்த அழுத்தக் கொதிகலன்களைக் கொண்ட ஆலைகள் டன் கரும்புக்கு 25 முதல் 30 யூனிட் வரை, அதாவது தம் சொந்தத் தேவைக்கு மட்டும், மின்சாரம் எடுத்தன. உயர் அழுத்தக் கொதிகலன் பொருத்திய ஆலைகள் 110 யூனிட் அளவில் எடுக்கின்றன. 2,500 டன் ஆலைக்கு அது 11.5 மெகாவாட் மின்சாரம். தேவைக்குப் போக மீதியை மின்வாரியக் கம்பிக்கு விற்கலாம்.

82 மெகாவாட் வெப்பத்தில் 11.5 மெகாவாட் மட்டும் மின்சாரம் என்று பார்த்தால் 14 விழுக்காடு, மிகவும் மோசமான மின்நிலையம். சாறு காய்ச்சப் பயன்பட்ட 28.6 மெகாவாட் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் 40 மெகாவாட், ஏறத்தாழ பாதி. எந்த எண்ணைச் சொல்வது நேர்மை? மின்சாரம், வெப்பம் இரண்டையும் தனித்தனியே சொல்வதுதான். இரண்டையும் கூட்டி 'இந்த ஆலை 40 மெகாவாட் உற்பத்தி செய்கிறது' என்று எழுதினால் படிப்பவர் அதை மின்சாரம் என்றே எடுத்துக்கொள்வார்.

வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்தால் எடை குறைந்து விவசாயிக்கு நட்டம். வெளியில் குவித்த சக்கை மழையில் நனைந்தால் ஆலைக்கு நட்டம். நனைந்த சக்கையில் ஈரம் கூடக் கூட, அதே எடைக்குக் கிடைக்கும் வெப்பம் குறைந்துகொண்டே போகும்.

நெய்வேலியும் 'வெப்ப வீதமும்'

அனல்மின் நிலையங்களில் பயனுறுதிறனை விழுக்காட்டில் சொல்வதைவிட, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோகலோரி எரிபொருள் செலவானது என்று சொல்வதே இந்தியாவில் வழக்கம். இதற்கு வெப்ப வீதம் என்று பெயர். இழப்பே இல்லாத கற்பனை நிலையத்தின் வெப்ப வீதம் 860. உண்மை நிலையத்தின் வெப்ப வீதத்தால் 860-ஐ வகுத்தால் பயனுறுதிறன் வந்துவிடும். வெப்ப வீதம் 2,457 என்றால் பயனுறுதிறன் 35 விழுக்காடு. அமெரிக்க நூல்களில் இதே கணக்கு பி.டி.யு.வில் வரும், அங்கே 860-க்குப் பதில் 3,412.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி. கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி தருவதாகக் கொண்டால், 35 விழுக்காட்டு நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.95 கிலோ தேவை. 'ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ' என்று நினைவில் வைக்கலாம். 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால், மணிக்கு 475 டன். அந்த அலகின் கொதிகலனுக்குள் போகும் வெப்பத் திறன் 1,430 மெகாவாட்.

கீசர் போடும்போது என்ன நடக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கரியை எரித்து வெப்பம் உண்டாக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கை இழந்து மின்சாரமாக்கி, கம்பி வழியே கொண்டுவந்து, மறுபடியும் வெப்பமாக்குகிறோம். கீசரின் பயனுறுதிறன் நூறு என்று விளம்பரத்தில் சொல்வது பொய்யன்று, கணக்கைக் குளியலறையில் தொடங்கினால்.

அணு உலைகள்

கூடங்குளத்தில் இயங்கும் உலை ஒவ்வொன்றும் 3,000 மெகாவாட் வெப்பத் திறனும் 1,000 மெகாவாட் மின் திறனும் கொண்டது. முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைக்கப்பட்டது. கல்பாக்கத்தின் வேகப் பெருக்கி முன்மாதிரி உலையின் வடிவமைப்பு 1,250 மெகாவாட் வெப்பம், 500 மெகாவாட் மின். முதலாவது 33 விழுக்காடு, இரண்டாவது 40. காரணம் முன்பே கண்டதுதான்: கூடங்குளத்தில் நீர் குளிர்விப்பதால் நீராவி 275 டிகிரி அளவிலேயே நிற்கிறது, கல்பாக்கத்தில் உருகிய சோடியம் குளிர்விப்பதால் 490 டிகிரி நீராவி கிடைக்கும்.

1985-இல் தொடர்வினை எட்டிய வேகப் பெருக்கிச் சோதனை உலையின் வடிவமைப்புத் திறன் 40 மெகாவாட் வெப்பம், 13.2 மெகாவாட் மின். மும்பை டிராம்பேயில் இருந்த சைரஸ் உலையும் 40 மெகாவாட். ஆனால் அது ஆய்வு உலை, ஒரு யூனிட் மின்சாரமும் தந்ததில்லை. கல்பாக்கத்திலேயே உள்ள காமினி உலை வெறும் 30 கிலோவாட் வெப்பம், பத்துக் கீசர்களுக்குச் சமம். 'எத்தனை மெகாவாட் உலை?' என்ற வினாடி வினாக் கேள்விக்கு ஆய்வு உலை என்றால் வெப்பத்தையும், மின்நிலையம் என்றால் மின்சாரத்தையும் விடையாக எதிர்பார்ப்பது எழுதப்படாத விதி.

கூடங்குளத்தின் ஓர் உலையில் மின்சாரமாகாத 2,000 மெகாவாட் கடலுக்குப் போகிறது. இது இழப்புக் கணக்கு மட்டுமன்று. அந்தக் கரையில் மீன்பிடித்து வாழ்வோர் தொடக்கத்திலிருந்து எழுப்பிவந்த கேள்விகளில் வெந்நீர் குறித்ததும் ஒன்று. கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய அனல்மின் நிலையங்களுக்கு நம் நாட்டு விதி, வெளிவிடும் நீர் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்கிறது. இதே 7 டிகிரி அளவை எடுத்துக்கொண்டால், கடல்நீரின் ஒரு கிலோவை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4 கிலோஜூல் வேண்டும் என்பதால், 20 இலட்சம் கிலோவாட்டை 28-ஆல் வகுக்க நொடிக்கு 71,000 கிலோ, அதாவது ஓர் உலைக்கு நொடிக்கு 71 டன் நீர். மின் திறனை மட்டும் பார்க்கும் ஒருவர் 1,000 மெகாவாட்டோடு நின்றுவிடுவார். கடலைக் குறித்துப் பேச வேண்டியவர், ஆதரித்தாலும் எதிர்த்தாலும், வெப்பத் திறனிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

வீட்டுக் கணக்குகள்

15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 15 × 32 = 480 கிலோகலோரி, அதாவது 0.56 யூனிட். 2 கிலோவாட் கீசர் என்றால் 17 நிமிடம். கல்வராயன் மலையில் மார்கழிக் குளிரில் நீர் 18 டிகிரியில் இருந்தால், அதே கீசருக்கு 22 நிமிடம் ஆகும்.

எரிவாயு அடுப்பா, இண்டக்ஷன் அடுப்பா என்ற கேள்விக்கும் இதே 860 உதவும். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. கிலோவுக்குச் சுமார் 10,900 கிலோகலோரி. பெருக்கி 860-ஆல் வகுத்தால் 180 கிலோவாட் மணி வெப்பம். வீட்டு எரிவாயு அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சப் பயனுறுதிறன் 68 விழுக்காடு. ஆகவே பாத்திரத்துக்குள் போவது 122. இண்டக்ஷன் அடுப்பின் பயனுறுதிறனை 85 விழுக்காடு என்று கொண்டால், அதே சமையலுக்கு 144 யூனிட் மின்சாரம் வேண்டும். சிலிண்டர் விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட் 6 ரூபாய் 25 காசுக்குக் கீழ் கிடைத்தால் மட்டுமே இண்டக்ஷன் மலிவு.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக உயரும் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஏற்கெனவே பயன்படுத்தும் யூனிட்டுகளுக்கு மேல் புதிதாகச் சேரும் 144 யூனிட்டும் மேல் படியின் விலையில்தான் விழும், சராசரி விலையில் அல்ல. இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் விலையும் மாறிவிடும். குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்கு இண்டக்ஷன் மலிவாகவும், ஏசி ஓடும் வீட்டுக்கு எரிவாயு மலிவாகவும் இருப்பது இதனால்தான்.

டீசலுக்கும் ஒரு வரி. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் உண்டு. கல்யாண வீட்டுச் சிறு ஜெனரேட்டரில் அதிலிருந்து கிடைப்பது சுமார் 3 யூனிட்.

கிணற்று மோட்டாரில் 5 எச்.பி. என்று எழுதியிருப்பது அது அச்சில் தரும் இயந்திரத் திறன், 3.73 கிலோவாட். மோட்டாரின் பயனுறுதிறன் 85 விழுக்காடு என்றால் கம்பியிலிருந்து இழுப்பது 4.39 கிலோவாட். வித்தியாசமான 0.66 கிலோவாட் மணிக்கு 568 கிலோகலோரி வெப்பமாகி மோட்டாரைச் சுட வைக்கிறது. தொட்டால் கை பொறுக்காத மோட்டார் இந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தவிக்கிறது என்று பொருள்.

குளிர்சாதனமும் 'டன்' என்ற அலகும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ள கட்டடம், 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு இன்றும் உண்டு. பின்னர் குளிர்விக்கும் இயந்திரங்கள் வந்தபோது, 'இந்த இயந்திரம் எத்தனை டன் பனிக்கட்டிக்குச் சமம்?' என்று கேட்பது இயல்பாக இருந்தது. 2,000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் மணிக்கு 12,000 பி.டி.யு. இதுவே ஒரு டன் குளிர்விப்பு, 3.517 கிலோவாட் வெப்பம்.

ஒன்றரை டன் ஏசி 5.28 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது. அதற்கு அது இழுக்கும் மின்சாரம் சுமார் 1.5 கிலோவாட். ஒன்றரை கொடுத்து ஐந்தேகால் வாங்குவது ஆற்றல் அழியா விதிக்கு எதிரானது அன்று. ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. வெளிப்பெட்டியிலிருந்து 5.28-உம் 1.5-உம் சேர்ந்து 6.78 கிலோவாட் வெப்பம் தெருவுக்குப் போகிறது. உள்ளே எடுத்த வெப்பத்தை மின்சாரத்தால் வகுத்தால் 3.5. பழைய அட்டைகளில் மேலே பி.டி.யு., கீழே வாட் வைத்து வகுத்திருப்பார்கள், அப்போது இதே ஏசிக்கு 12 என்று இருக்கும். 3.412-ஆல் வகுத்தால் இரண்டும் ஒன்றே. எரிசக்திச் சிக்கன அமைப்பின் நட்சத்திர அட்டையில் இப்போது உள்ள எண், ஓர் ஆண்டில் வெளியேற்றும் வெப்பத்தையும் செலவாகும் மின்சாரத்தையும் ஒரே அலகில் வைத்து வகுத்தது. ஆகவே 12 எண் கொண்ட பழைய ஏசி, 5 எண் கொண்ட புதிய ஏசியைவிடச் சிறந்தது என்று ஒப்பிடக் கூடாது.

அரிசி ஆலைக் கொதிகலனையும் 'ஒரு டன்', 'இரண்டு டன்' என்றே சொல்வார்கள். அது வேறு டன். நூறு டிகிரி நீரை மணிக்கு 1,000 கிலோ வீதம் நீராவியாக்கும் திறன் அது, 627 கிலோவாட் வெப்பம். ஒரு டன் கொதிகலன் ஒரு டன் ஏசியைப்போல 178 மடங்கு. நெல் அவிக்கும் கொட்டகையில் நின்று பார்த்தவர்களுக்கு இதைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை.